நம்ம கோட்டு

பெயிண்டரின் தொடையில் கட்டு மாற்ற வந்த நர்ஸ் முதலில் ஜன்னலைத் திறந்துவிட்டார். அதற்கப்புறம்தான் கட்டைப் பிரித்தார். கட்டிலோரம் நின்ற பெரியவள் ஜன்னல் பக்கம் நகர்ந்தாள். நேற்றைவிட இன்றைக்கு நாற்றம் அதிகம்.

"என்னம்மா, பெயிண்டு கெட்டுப் போச்சா?" என்றார் பெயிண்டர், கூரையைப் பார்த்தபடியே. மனிதருக்கு உடம்பு மொத்தமும் படுத்துவிட்டது, வாய் மட்டும் படுக்க மாட்டேன் என்கிறது.

நர்ஸ் சிரிக்கவில்லை. பஞ்சில் ஒற்றியெடுத்ததை மூடிபோட்ட டப்பாவில் போட்டுவிட்டு, "இன்னைக்கு ஒண்ணும் சாப்பிடக் கூடாது, தண்ணிகூட வேணாம்" என்று சொல்லிப் போனார்.

இந்தத் தொடரின் வீட்டுக்குள் இந்த வாரம்தான் நுழைகிறீர்கள் என்றால் உங்களுக்காக நாலு வார்த்தை. பழையவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். பெயிண்டர், பஸ்ஸுக்கும் இரும்புக் கேட்டுக்கும் பெயிண்ட் அடித்தே குடும்பத்தைக் கரையேற்றியவர். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்ததில், மாற்று மூட்டு வைத்தார்கள். அந்த மூட்டு, மூத்த மகள், அதாவது நம் பெரியவள், வேலை பார்க்கும் கம்பெனியில் தயாரானது. தொடை எலும்புக்குள் அடித்து இறக்கும் உலோகத் தண்டின் மேல், கிருமியைக் கொல்லும் மருந்தையும் ஒருவிதப் பசையையும் கலந்து மெல்லிய படலமாகப் பூசுவதுதான் அவள் வேலை. படலத்திலிருந்து மருந்து வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். கிருமி அந்த உலோகத்தில் குடியேறாமல் காவல் காக்கும். ஊரில் எத்தனையோ பேருக்குக் காத்திருக்கிறது. பெயிண்டருக்குக் காக்கவில்லை.

தம்பி, சின்னவன், இதே மருத்துவமனையில் ஆபரேஷன் கருவிகளைக் கழுவி, நீராவியில் வேகவைத்து, கட்டிக் கொடுக்கும் அறையில் வேலை செய்கிறான். போன வாரம் அவன் அக்காவிடம் ஒரு கேள்வி கேட்டான். "ஸ்டோர்ல அத்தனை தண்டு இருக்கும்போது, அந்த ஒரு நம்பரைத்தான் அப்பாவுக்கு எடுத்து வைக்கணும்னு ஏன் சொன்ன?"

பெரியவள் பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டாள். எத்தனை நாள்தான் எழுந்து எழுந்து போக முடியும்?

எலும்பு டாக்டர் வந்தார். கதவைத் தட்டிவிட்டு வருகிறவர், கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து பேசுகிறவர். இப்படிப்பட்ட டாக்டர் மோசமான செய்தியோடுதான் உட்காருவார் என்று அம்மாவுக்கு இந்த ஒரு மாதத்தில் பழகிவிட்டது. அவர் உட்கார்ந்ததுமே சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"உள்ள இருக்கற மூட்டை இன்னைக்கு எடுத்துடறோம். எடுத்துட்டு நல்லா கழுவி, மருந்து கலந்த சிமெண்ட்ல ஒரு துண்டு செஞ்சு அந்த இடத்துல வைப்போம். புண் ஆறின பிறகு புது மூட்டு."

"சிமெண்டா? அப்போ மேல வெள்ளையடிக்க நானே இருக்கேன்" என்றார் பெயிண்டர்.

டாக்டர் லேசாகப் புன்னகைத்துவிட்டு அம்மாவையும் பெரியவளையும் பார்த்துப் பேசினார். "பிரச்சினை எந்த மருந்தைக் கலக்கறதுங்கறதுதான். சீழை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினோம். அதுல கிருமி வளரவே இல்ல. சில சமயம் அப்படி ஆகும். அதனால எந்த மருந்துக்கு இது மசியும்னு நமக்குத் தெரியாது. ஆனா ஒண்ணு தெரியும். மூட்டு மேல பூசின மருந்து இத்தனை வாரமா எலும்பை ஒட்டியே இருந்திருக்கு. அதையும் தாண்டிக் கிருமி வளர்ந்திருக்குன்னா, அந்த மருந்தும் அந்த வகை மருந்து எதுவும் இனிமே வேலைக்கு ஆகாது. அடுத்த கட்ட மருந்துக்குப் போகணும்."

"போங்களேன் டாக்டர்" என்றாள் அம்மா.

"அது முரட்டு மருந்தும்மா. சிறுநீரகத்தை அடிக்கும். இவருக்குச் சர்க்கரை வேற. கிட்னி ஏற்கனவே பாதி பலத்துலதான் ஓடிட்டிருக்கு." அவர் கொஞ்சம் நிறுத்தினார். "காலைக் காப்பாத்தப் போய் கிட்னியை விட்டுடற மாதிரி ஆகலாம். வேற வழி எனக்குத் தெரியல."

பெரியவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வேறு வழி அவளுக்குத் தெரியும். டாக்டர் போட்ட கணக்கின் முதல் வரியே தப்பு. அந்த மருந்து எலும்பை ஒட்டி இருக்கவே இல்லை. அது இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும், அந்த ஆள் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு நின்றாள்.

டாக்டர் போனதும் அம்மா ஆரம்பித்தாள். "எல்லாம் அந்த அடுப்புக்காரியால. சூடு ஒழுங்கா வைக்கத் தெரியாதவ எதுக்கு அந்த வேலைக்கு வரணும்? அவளை வேலையை விட்டு நிறுத்தினா மட்டும் போதுமா?"

அடுப்புக்காரி என்பது ஓவன் அக்கா. பெரியவள் பூசித் தரும் தண்டுகளைத் தட்டோடு ஓவனில் வைத்துக் காயவைப்பவர். மூட்டில் கோளாறு என்று மருத்துவமனையிலிருந்து புகார் போனதும், கம்பெனி கடைசியாகக் கைவைத்த ஆளைப் பிடித்தது. காயவைத்ததில் தவறு என்று சொல்லி, விசாரணை முடியும்வரை அவரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். அதை வீட்டில் வந்து சொன்னதும் பெரியவள்தான். சொன்னவள் கூடவே இன்னொரு வாக்கியமும் சொல்லியிருக்க வேண்டும்.

"அம்மா, நான் தம்பியைப் பார்த்துட்டு வரேன்" என்று வெளியே வந்தாள்.

சின்னவனின் அறை அடித்தளத்தில் இருந்தது. ஒரு பக்க ஜன்னல் வழியாக அழுக்குக் கருவிகள் உள்ளே வரும், மறுபக்க ஜன்னல் வழியாகச் சுத்தமானவை வெளியே போகும். நீராவிப் பெட்டியின் சத்தத்தில் அங்கே யார் பேசினாலும் கத்தித்தான் பேச வேண்டும். அதனால் அவன் அவளைப் படிக்கட்டுக்கு அடியில் கூட்டிக்கொண்டு போனான்.

"இப்பவாவது சொல்லு. ஏன் அந்த நம்பர்?"

"அதுல ஒரு கோட்டு கூடப் பூசியிருந்தேன்."

அவனுக்கு உடனே புரியவில்லை. பிறகு புரிந்தது. அந்த வீட்டில் பிறந்த யாருக்கும் புரிந்துவிடும்.

பெயிண்டர் யாரிடமும் பேசியபடி மட்டும் வேலையை முடித்ததில்லை. ரெண்டு கோட்டு, அதாவது ரெண்டு பூச்சு, என்று பேசினால் ரெண்டு அடித்துவிட்டு, "இது நீங்க கேட்ட கோட்டு. இனி நம்ம கோட்டு ஒண்ணு" என்று மூன்றாவதும் அடிப்பார். அதற்காகவே அவரைத் தேடி வந்தவர்கள் உண்டு. அந்தப் பேச்சு வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. அம்மா பையைத் தைத்தால் நம்ம கோட்டு என்று ஒரு தையல் கூடப் போடுவாள். சின்னவன் பூட்டைப் பூட்டிவிட்டு இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பான். பாசம் என்றாலே ஒரு பங்கு கூட வைப்பது என்று வளர்ந்த பிள்ளைகள்.

"அப்பாவுக்கு எங்க கம்பெனி மூட்டுதான்னு தெரிஞ்சதும் மனசு கேக்கலடா. மத்தவங்களுக்குப் பூசற மாதிரியே அப்பாவுக்கும் பூசணுமான்னு தோணிச்சு. மெஷின் முடிச்சதும் அந்தத் தண்டை மட்டும் எடுத்து, கையில பிடிச்சு அடிக்கற ஸ்பிரே துப்பாக்கியால சுத்தி ஒரு தடவை அடிச்சேன்."

"கூட மருந்து இருந்தா நல்லதுதானே? அதுல எப்படிக் கிருமி வரும்?"

"காயலடா. முந்தின கோட்டு ஈரமா இருந்தது. ஓவன் அக்கா தட்டை எடுக்க வந்துட்டே இருந்தாங்க, அவங்க பார்க்கறதுக்குள்ள அடிக்கணும்னு அவசரம். ஓவன்ல மேல்தோல் காஞ்சிருக்கும், அடியில ஈரம் மாட்டிக்கிட்டிருக்கும். அப்படி ஒரு தண்டை எலும்புக்குள்ள சுத்தியலால அடிச்சு இறக்கினா என்ன ஆகும்? விரிசல் விட்டு உரிஞ்சு போயிருக்கும். மருந்தெல்லாம் அந்தச் செதிலோட போயாச்சு. உள்ள நிக்கறது வெறும் உலோகம். கிருமி சொகுசா வந்து உட்கார்ந்திருக்கு."

"செக் பண்ண மாட்டாங்களா?"

"தட்டுக்கு ஒண்ணை எடுத்து எடை பார்ப்பாங்க. அன்னைக்கு வேற ஒண்ணை எடுத்தாங்க. அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு." அவள் திரும்பவும் சொன்னாள். "அப்பாடான்னு இருந்துச்சுடா."

சின்னவன் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டான். அவன் கோபக்காரன், ஆனால் இப்போது யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் திணறினான்.

"நான்தானே ஸ்டோர்ல தேடித் தேடி எடுத்தேன். அடியில இருந்துச்சு. மேல இருந்ததை எல்லாம் இறக்கி வச்சுட்டு எடுத்தேன். மேல இருந்ததையே கொடுத்திருந்தா இந்நேரம் அப்பா நடந்திருப்பார்."

"டாக்டர் தப்பான மருந்தைப் போடப் போறார். அதைச் சொல்லணும்."

"இப்பவா? ஆபரேஷனுக்கு முன்னாடியா? டாக்டர் பதறிட்டார்னா? முடியட்டும், அப்புறம் பக்குவமா..."

"முடிஞ்ச பிறகு சொல்லி என்ன புண்ணியம்? கிட்னி போன பிறகு பக்குவமா சொல்றதா?"

"உன் வேலை போயிடும். கேஸ்கூடப் போடுவாங்க. என் வேலையும் போகும். வீட்டுல வேற யார் சம்பாதிக்கறாங்க? அம்மாவுக்குத் தெரிஞ்சா அவ உன் மூஞ்சியில முழிப்பாளா? அப்பாவை விடு. அவர் வார்டு முழுக்கச் சொல்லி வச்சிருக்கார், காட்சிக்கு வைக்க வேண்டிய என் பொண்ணு கைவேலையை என் தொடைக்குள்ள வச்சுத் தைச்சுட்டாங்கன்னு. அந்த மனுஷன்கிட்டப் போய் என்னன்னு சொல்லுவ?"

அவன் சொன்னதில் ஒன்றுகூடப் பொய்யில்லை. பெரியவள் படியேறினாள். சொல்லலாம் என்று ஒரு படி, வேண்டாம் என்று ஒரு படி. மேலே வந்து சேர்ந்தபோது வேண்டாம் என்ற பக்கத்தில்தான் நின்றாள். இதை நான் மறைக்கப் போவதில்லை. நல்லவர்களுக்கும் பயம் வரும், பயம் வந்தால் நல்லவர்களும் கோழைகளாகத்தான் இருப்பார்கள்.

வார்டு வாசலில் அம்மாவின் குரல் கேட்டது.

கையில் ஒரு பழப் பையுடன் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். யாரென்று பெரியவளுக்கே ஒரு கணம் தெரியவில்லை. தொப்பி, முகமூடி, கையுறை எல்லாம் போட்டுக் கண் மட்டும் தெரிகிற முகமாகவே அவரைப் பார்த்துப் பழகியிருந்தாள். அந்தக் கண்ணைப் பார்த்துத்தான் அடையாளம் கண்டாள். ஓவன் அக்கா.

"எந்த முகத்தை வச்சுட்டு இங்க வந்த?" அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். "உயிரோட இருக்காரா இல்லையான்னு பார்த்துட்டுப் போக வந்தியா?"

"இல்லம்மா." ஓவன் அக்கா குரலை உயர்த்தவில்லை. "இன்னைக்கு ஆபரேஷன்னு கேள்விப்பட்டேன். வீட்டுல உட்கார முடியல. அன்னைக்கு நடந்ததைத் திரும்பத் திரும்ப நினைச்சுப் பார்க்கறேன். தட்டை வாங்கினேன், வச்சேன், சூடு பார்த்தேன், எடுத்தேன். எங்க தப்பு பண்ணினேன்னு எனக்கே பிடிபடல. ஆனா அவங்க எல்லாரும் சொல்றாங்கன்னா, எங்கயோ பண்ணியிருக்கேன் போல. அதான் அவர்கிட்ட ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டுட்டுப் போகலாம்னு..."

"மன்னிப்பா? அவர் காலைத் திருப்பித் தருமா உன் மன்னிப்பு? வயித்தெரிச்சல்ல சொல்றேன் கேட்டுக்கோ. அவருக்கு இதைச் செஞ்ச கை விளங்காமப் போகும். பாரு. விளங்கவே விளங்காது!"

பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஓவன் அக்கா தன் கைகளை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு பழப் பையை நாற்காலியின் மேல் வைத்தார். அம்மா அதை எடுத்து நடைபாதையில் வீசினாள். ஒரு ஆரஞ்சு உருண்டு போய்ப் பெரியவளின் காலில் இடித்து நின்றது.

"அம்மா, விடும்மா" என்றாள் பெரியவள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

ஓவன் அக்கா அவளைப் பார்த்தார். "நீ எதுக்கும்மா அழற? உன் மேல யாரும் குத்தம் சொல்லலையே. நீ பார்த்துப் பார்த்துப் பூசிக் கொடுத்ததை நான்தான் கெடுத்துட்டேன்." அப்படிச் சொல்லிவிட்டுப் பெரியவளின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

தட்டிய இடம் நெடுநேரம் சுட்டது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். பெரியவள் குனிந்து ஆரஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டாள். அம்மா அதற்கும் முறைத்தாள்.

பெயிண்டரை அழைத்துப் போகத் தள்ளுகட்டில் வந்தது. ஒரு ஊசி போட்டார்கள். அம்மாவைக் கட்டிலைக் காலி செய்யச் சொன்னார்கள், ஆபரேஷனுக்குப் பிறகு வேறு வார்டாம். அவள் பிளாஸ்க், துண்டு, மாத்திரைகள் என்று மூட்டை கட்டத் தொடங்கினாள்.

"எல்லாத்தையும் எடுத்துக்கோ. என் செருப்பையும் சேர்த்து எடுத்துக்கோ. ரெண்டையும் எடு. ஒண்ணு போதும்னு முடிவு பண்ணிடாத" என்றார் பெயிண்டர். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

சின்னவன் மேலே வந்திருந்தான். அவனும் பெரியவளும் கட்டிலின் இரு பக்கமும் நடந்தார்கள். லிப்டில் ஏறும்போதே பெயிண்டரின் இமைகள் கனத்துவிட்டன. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் சிவப்புக் கோடு. அதற்கு அந்தப் பக்கம் உறவினர்கள் போகக் கூடாது. அங்கே எலும்பு டாக்டர் பச்சை உடுப்பில் நின்று, மயக்க மருந்து டாக்டரிடம் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். அந்த முரட்டு மருந்தின் பெயர் பெரியவளின் காதில் விழுந்தது.

"டாக்டர்."

சின்னவன் கட்டிலுக்கு மேலாகக் கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தான். அவள் உதறினாள். அப்பா தூங்கிவிட்டாரா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். கண்கள் மூடியிருந்தன.

"டாக்டர், அந்த மூட்டு மேல பூசினது நான். ஓவன்ல தப்பில்ல. கீழ் கோட்டு காயறதுக்கு முன்னாடி, நானா இன்னொரு கோட்டு பூசினேன். அப்பாவுக்காகன்னு பூசினேன். அது தடிச்சுப் போயி, நீங்க அடிச்சு இறக்கும்போதே உரிஞ்சிருக்கும். மருந்து எலும்புக்குப் போய்ச் சேர்ந்தே இருக்காது. அதனால அந்த மருந்துக்குக் கிருமி மசியலன்னு சொல்ல முடியாது டாக்டர். அது மருந்தைப் பார்த்தே இருக்காது."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

டாக்டர் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கினார். "நிச்சயமா தெரியுமா, இல்ல ஊகமா?"

"பூசினது நிச்சயம். உரிஞ்சது என் ஊகம். திறந்தா உங்களுக்கே தெரியும். செதில் செதிலா இருக்கும்."

"வேற எந்த மூட்டுலயாவது இப்படிப் பூசியிருக்கீங்களா?"

"இல்ல டாக்டர். அப்பாவுக்கு மட்டும்தான்."

"இதை ஏன் போன வாரம் சொல்லல?"

டாக்டர் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. "முரட்டு மருந்தை இப்பவே கலக்க வேணாம், பழைய மருந்தையும் எடுத்து வைங்க. உள்ள பார்த்துட்டுச் சொல்றேன்" என்று நர்ஸிடம் சொன்னார். பெரியவளைத் திரும்பிப் பார்த்து, "நான் கம்பெனிக்குத் தெரிவிச்சாகணும். புரியுதில்ல?" என்றார்.

"புரியுது டாக்டர்."

கட்டிலை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு இரண்டு பக்கமும் ஆடி நின்றது.

"திருப்தியா?" என்றான் சின்னவன். கேட்டுவிட்டு, தரையில் உட்கார்ந்துவிட்ட அவள் பக்கத்தில் அவனும் உட்கார்ந்துகொண்டான். "கம்பெனிக்குச் சொல்லும்போது நம்பரை எடுத்துக் கொடுத்தது நான்னு அதையும் சொல்லு. பாதி உண்மையெல்லாம் வேணாம்."

"நாளைக்குக் காலையில நானே போயி ஓவன் அக்காவைக் கூட்டிட்டுப் போறேன். அவங்க முன்னாடியே சொல்லிடறேன்."

"அம்மாகிட்ட?"

பெரியவள் மடியில் இருந்த பழப் பையின் காதை முறுக்கினாள்.

சின்னவன் தன் வேலைக்குப் போய்விட்டான். அம்மா மூட்டையோடு வந்து உட்கார்ந்தாள். பெரியவளும் எழுந்து பெஞ்சுக்கு மாறினாள். எதிர்ச் சுவரில் ஈரம் ஏறி, பெயிண்ட் கொப்பளித்திருந்தது. பெயிண்டர் நல்லபடி இருந்திருந்தால் அதை நகத்தால் சுரண்டி, அடித்தவனை வம்சத்தோடு வைதிருப்பார்.

வெயில் சாயும் நேரத்தில் சின்னவன் ஓடி வந்தான். அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள்.

"எடுத்ததைக் கழுவ என் ஜன்னலுக்குத்தான் அனுப்பினாங்க." அவன் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தான். "நீ சொன்னது சரி. வெயில்ல நின்ன கேட்டுல பெயிண்ட் உரியுமே, அதே மாதிரி. ஒரு பக்கம் பளபளன்னு வெறும் உலோகம். அப்பா காலுக்குள்ள இருந்ததை நான் பிரஷ் போட்டுத் தேய்ச்சேன்க்கா." அந்தப் பெரிய உடம்புக்காரன் அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான்.

கொஞ்ச நேரத்தில் எலும்பு டாக்டர் வந்தார். அம்மாவும் வந்து சேர்ந்தாள். டாக்டர் இந்தத் தடவை உட்காரவில்லை, களைத்துப் போயிருந்தார்.

"மூட்டை எடுத்தாச்சு. எடுக்கும்போது தொடை எலும்பு நீளவாக்குல பிளந்துடுச்சு. கம்பி சுத்திக் கட்டியிருக்கேன். காலோட நீளம் குறையும். புது மூட்டு வைக்கற அளவுக்கு அந்த எலும்பு தேறுமான்னு பார்க்கணும். கால் இருக்கான்னு கேட்டீங்கன்னா, இன்னைக்கு இருக்கு. நாளைக்கும் இருக்கும்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்." அம்மா பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். "முரட்டு மருந்து போடல. பழைய மருந்தையே கலந்து வச்சிருக்கேன். கிட்னிக்கு ஆபத்து இல்ல. அது உங்க பொண்ணு..."

பெரியவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். டாக்டர் அந்த வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டு, "கண் முழிச்சதும் பார்க்கலாம்" என்று சொல்லிப் போனார்.

அம்மா அதைக் கவனிக்கவில்லை. கால் என்ற சொல்லிலேயே அவள் நின்றுவிட்டாள். "அந்த அடுப்புக்காரி..." என்று ஆரம்பித்து, முடிக்கத் தெம்பில்லாமல் நிறுத்தினாள்.

பெயிண்டரைப் பார்க்க விட்டபோது விளக்குப் போடும் நேரம். மூக்கில் குழாய், கையில் குழாய், தொடையருகே ஒரு குழாய். முகம் மட்டும் சின்னதாகிவிட்டது. இமைகளை மெல்லத் திறந்தார்.

"கால் இருக்கா?"

"இருக்குங்க" என்றாள் அம்மா.

"ரெண்டுமா?"

"ரெண்டும் இருக்குங்க, பேசாம இருங்க." அவள் அழுதுகொண்டே சிரித்தாள். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள், பிறகு பழக்கத்தில் இன்னொரு தடவையும் இழுத்துவிட்டாள்.

"பெரியவ எங்க?"

"இங்கதாம்ப்பா இருக்கேன்." பழப் பையைக் கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்தாள். வார்னிஷ் கறை இன்னும் போகாத நகங்கள். அந்தக் கை அவள் விரல்களைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

"அடுத்த மூட்டு வைப்பாங்களாமா?"

"எலும்பு ஆறணும்ப்பா. ஆறினா வைப்பாங்க."

"அதையும் நீதான் பூசணும். வேற யார்கிட்டயும் விடாத."

இனி அந்தப் பூச்சு அறைக்குள் பெரியவளை யார் விடப் போகிறார்கள்? அவர் உதட்டை நனைத்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு, தூக்கத்தில் பேசுகிறவர் போல மெதுவாகச் சொன்னார். ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக இருந்தது.

"நல்லா காயவிட்டுப் பூசும்மா. இந்தத் தடவை நம்ம கோட்டு வேணாம்."

கேட்டிருக்கிறார். தியேட்டர் வாசலில் கண்ணை மூடிக்கொண்டு அவ்வளவையும் கேட்டிருக்கிறார். கேட்டுக்கொண்டேதான் உள்ளே போயிருக்கிறார். பெரியவள் அந்தக் கையில் நெற்றியை வைத்துக்கொண்டு, சத்தம் வராமல் குலுங்கினாள். அவர் கட்டைவிரல் அவள் புறங்கையை ஒரே திசையில், கேட்டில் பிரஷ் இழுப்பதுபோல, மெல்ல வருடிக்கொண்டிருந்தது. பிறகு அது நின்றது. தூங்கிவிட்டார்.

போர்வையின் ஓரத்தைப் பிடித்திருந்த அம்மாவின் கை அப்படியே நின்றிருந்தது.

"என்னடீ சொல்றாரு இவரு?" அம்மா கணவனைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்தாள். பிறகு மகளின் கையைப் பார்த்தாள். "எந்தக் கோட்டு?"